பக்கத்து வீட்டுப் புதினா

"பல் தேய்த்தாகிவிட்டது, சோறு எங்கே?" என்று கேட்டார் அத்தான்.

கேட்டது விடியற்காலையில் அல்ல, நேயர்களே! ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்கு. எதிரே இலையில் சோறு இருந்தது, நல்லெண்ணெய் இருந்தது, பச்சைப் பசேலென்று ஓர் உருண்டை புதினாத் துவையலும் இருந்தது. அந்தத் துவையலில் ஒரு கவளம் பிசைந்து வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் அத்தான் இப்படிக் கேட்டார்.

"நன்றாயிருக்கிறது உங்கள் கேலி!" என்று சொல்லிவிட்டு அக்காவும் ஒரு வாய் சாப்பிட்டாள். அவ்வளவுதான், அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. நானும் ருசி பார்த்தேன். நாக்கு ஜில்லென்றது, மூக்கின் வழியே குளிர்காற்று ஒன்று ஏறி உச்சந்தலை வரைக்கும் போய்விட்டுத் திரும்பியது. உளுத்தம்பருப்பு, மிளகாய், புளி எல்லாம் எங்கோ ஒளிந்துகொண்டன. பற்பசையைத் தாளித்துக் கொட்டினால் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது!

இது நடந்தது 2023 மே மாதத்தில், கும்மிடிப்பூண்டியில். என் பெரியம்மாள் பெண் அங்கேதான் குடியிருக்கிறாள். அத்தானுக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் உத்தியோகம். சென்னையில் மூர்மார்க்கெட் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை எல்லாம் கடந்து போனால் கும்மிடிப்பூண்டி. அக்காவின் வீடு மூன்று குடித்தனம் உள்ள கட்டடம். மூன்று குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு மொட்டை மாடி. அந்த மாடியில்தான் இந்தத் துவையலின் மர்மம் இருந்தது.

"கடைப் புதினா தீர்ந்துவிட்டதடி. மாடியில் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு வாளியில் வளர்க்கிறாள். பறித்துக்கொள்ளட்டுமா என்று ஜாடையில் கேட்டேன். அவளும் தலையை ஆட்டினாள்" என்றாள் அக்கா.

"எப்படி ஆட்டினாள்?" என்றார் அத்தான்.

அக்கா ஆட்டிக் காட்டினாள். பக்கவாட்டில்!

பக்கத்து வீட்டுப் பெண் உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி மாவட்டத்துக்காரி. கணவனுக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் கும்மிடிப்பூண்டிக்கு வந்தவள். அரைகுறைத் தமிழும் அரைகுறை ஹிந்தியுமாக நாங்கள் அவளிடம் போய் விசாரித்ததில் விஷயம் வெளியாயிற்று. "தீதி, அது சாப்பிடுகிற புதினா இல்லை. அது மென்தா!" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

பெயர் ஒன்று, செடி வேறு

அன்றுதான் எனக்கு ஒரு உண்மை உறைத்தது. நாம் 'புதினா' என்று ஒரே பெயரில் கூப்பிடுவது ஒரே செடி அல்ல. பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி இருந்துகொண்டு, குணத்தில் வெவ்வேறாக இருக்கும் பல செடிகள்.

நம் ஊர்க் காய்கறிக் கடையில் கட்டுக் கட்டாக வருவது பெரும்பாலும் ஸ்பியர்மிண்ட் ஜாதி. இதற்கு மணம் தருவது கார்வோன் என்ற பொருள். இதில் வேடிக்கை என்னவென்றால், சதகுப்பை விதையின் வாசனைக்கும் கார்வோன்தான் காரணம். வலக்கையும் இடக்கையும் போல ஒன்றின் கண்ணாடிப் பிம்பம் மற்றொன்று. ஆனாலும் நம் மூக்கு ஒன்றைப் புதினா என்கிறது, மற்றதைச் சதகுப்பை என்கிறது. இந்தக் கார்வோனுக்கு 'ஜில்' கிடையாது. ஆகையால்தான் துவையலுக்கும் பிரியாணிக்கும் அது ஒத்துப் போகிறது.

பாராபங்கிப் பெண் வைத்திருந்த மென்தாவின் கதை வேறு. அதில் வடிக்கும் எண்ணெயில் ஏறக்குறைய முக்கால் பங்கு மெந்தால்! அந்தப் பக்கத்தில் உருளைக்கிழங்கு தோண்டிய வயல்களில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இதை நடுகிறார்கள். மே, ஜூன் மாதங்களில் அறுத்து, பெரிய கொப்பரையில் அடைத்து வேகவைத்து, வரும் ஆவியைக் குளிரச் செய்து எண்ணெய் எடுக்கிறார்கள். லக்னோவில் உள்ள மூலிகை, வாசனைச் செடிகளுக்கான மத்திய ஆராய்ச்சி நிலையம் 'கோசி' முதலிய நல்ல ரகங்களை உண்டாக்கிக் கொடுத்தது. உலகிலேயே மிக அதிகமாக இந்த எண்ணெய் எடுப்பது இந்தியாதான். நாம் தலைவலிக்குத் தடவும் தைலத்திலும், காலையில் பல் தேய்க்கும் பசையிலும் மணப்பது இந்த மெந்தால்தான். அத்தான் சொன்னது கேலியல்ல, சாஸ்திரப்படி சரி!

மூன்றாவது, பெப்பர்மிண்ட். சின்ன வயதில் நாம் சப்பிய மிட்டாய்க்குப் பெயர் கொடுத்தது இதுதான். நீர்ப்புதினாவும் ஸ்பியர்மிண்டும் கலந்து பிறந்த கலப்புச் செடி. பூக்கும், ஆனால் முளைக்கிற விதை பெரும்பாலும் வைக்காது. தண்டையோ வேரையோ ஒருவர் கிள்ளி இன்னொருவருக்குக் கொடுத்தால்தான் அதற்கு வம்சம். இந்த விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இவை தவிர, நர்சரிகளில் மென்மயிர் படர்ந்த ஆப்பிள் புதினா, இலை ஓரம் வெளுத்த அன்னாசிப் புதினா, சாக்லேட் புதினா என்றெல்லாம் விற்கிறார்கள். சாக்லேட் புதினா பெப்பர்மிண்டில் ஒரு வகைதான். 'மெக்ஸிகன் மிண்ட்' என்று சீட்டு ஒட்டி விற்பது நம் கற்பூரவல்லி! புதினாவும் கற்பூரவல்லியும் துளசியும் தும்பையும் ஒரே குடும்பம் என்பது வாஸ்தவம். புதினாத் தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள், நாலு பட்டையாக இருக்கும். துளசித் தண்டும் அப்படித்தான். ஆனால் ஒரே குடும்பம் என்பதற்காக ஒன்று இன்னொன்றாகிவிடாது. சீட்டை நம்பாதீர்கள், மூக்கை நம்புங்கள். ஓர் இலையைக் கசக்கி முகருங்கள். சமையற்கட்டு ஞாபகம் வந்தால் துவையல் புதினா. தைலப் புட்டி ஞாபகம் வந்தால் மெந்தால் புதினா.

பென்னிராயல் என்று ஒரு ஜாதியும் உண்டு. அதன் எண்ணெய் ஈரலைக் கெடுக்கும் விஷம். கர்ப்பிணிகளுக்கு மிகவும் ஆபத்து. அந்தப் பெயரைப் பார்த்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

ஜில்லென்பது எப்படி?

மெந்தால் நாக்கைக் குளிரச் செய்கிறது என்று நினைக்கிறோம் அல்லவா? அதுதான் இல்லை! உஷ்ணமானியை வைத்துப் பார்த்தால் நாக்கின் சூடு சூடாகவே இருக்கும். குளிர் பட்டால் மூளைக்குச் சேதி அனுப்புவதற்கென்று நரம்பு நுனியில் ஒரு காவல்காரன் இருக்கிறான். மெந்தால் அந்தக் காவல்காரனை ஏமாற்றி மணியடிக்க வைத்துவிடுகிறது. இதை 2002ல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டாபூட்டியன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். சூடு, குளிர், தொடு உணர்ச்சி பற்றிய ஆராய்ச்சிகளுக்காக 2021ல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

விஞ்ஞானம் எதற்கு என்று நினைக்காதீர்கள். அன்று சாயங்காலமே அது தேவைப்பட்டது.

அக்காவின் பேரக்குழந்தைக்கு அப்போது ஒன்பது மாதம். மூக்கடைத்துக்கொண்டு சிணுங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் மாமியார், "அந்தப் பச்சிலையில்தான் இவ்வளவு காட்டம் இருக்கிறதே. கசக்கி மூக்கில் ஒரு சொட்டு விட்டால் திறந்துகொள்ளாதா?" என்று இலையோடு கிளம்பிவிட்டார். பெரியவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்ல அக்கா தயங்கினாள். தயங்காதவள் பாராபங்கிப் பெண்தான். "மாஜி, நஹீ!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கொப்பரை ஏற்றும் நாட்களில் அவர்கள் வீட்டில் சிறு குழந்தைகளை அந்தப் பக்கமே விடமாட்டார்களாம்.

அவள் செய்தது சரி. மருத்துவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கிலோ முகத்திலோ மெந்தாலைத் தடவினால், தொண்டை திடீரென்று இறுகி மூச்சு முட்டிப் போகலாம். நாட்டு மருந்துக் கடையில் 'புதினாப்பூ' என்று விற்பதும் மெந்தால் உப்புதான். பெரியவர்களுக்கு இதமாக இருப்பது பச்சைக் குழந்தைக்கு இதமாக இருக்குமென்று எண்ணிவிடக் கூடாது. குழந்தைக்கு மூச்சு இரைத்தால் டாக்டரிடம் எடுத்துப் போங்கள். பச்சிலை வைத்தியம் வேண்டாம்.

வளர்க்கும் வகை

"கடைப் புதினாவை எத்தனை தடவை நட்டாலும் அழுகிப் போகிறதே!" என்பது பல வீடுகளில் கேட்கும் புலம்பல். கட்டில் முற்றின தண்டாக நாலைந்து பொறுக்குங்கள். ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே கத்தரித்து, அடி இலைகளையெல்லாம் கிள்ளிவிட்டு, நுனியில் மட்டும் இரண்டு ஜோடி விட்டுவிடுங்கள். அழுகுவதற்குக் காரணம் தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கும் இலைதான். ஒரு டம்ளர் தண்ணீரில் கணு முழுகும்படி நிறுத்தி, வெயில் படாத ஜன்னலோரம் வைத்துத் தினம் தண்ணீரை மாற்றுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளை வேர் இறங்கும். பிறகு மண்ணில் நடலாம்.

தொட்டி ஆழமாக வேண்டியதில்லை, அகலமாக வேண்டும். புதினா கீழே போகிற செடியல்ல, பக்கத்தில் படர்கிற செடி. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சாண எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு போதும். அடியில் துவாரம் கட்டாயம். காலை வெயில் வேண்டும். அக்கினி நட்சத்திரத்து உச்சி வெயில் வேண்டாம். மழைக்காலத்தில் தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து, தை மாதத்தில் புதிதாக நட்டால் நன்றாகப் பிடிக்கும்.

இலை இலையாகக் கிள்ளுவது சிக்கனம் போலத் தோன்றும், உண்மையில் நஷ்டம். ஒரு ஜோடி இலைக்கு மேலாகத் தண்டையே கத்தரியுங்கள். அந்த இடத்தில் இரண்டு கிளை வரும். பூ மொட்டு தென்பட்டால் கிள்ளிவிடுங்கள். இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் புள்ளி வந்தால் அது துரு நோய். தரையோடு வெட்டி, குப்பையில் போடுங்கள், எருக்குழியில் வேண்டாம். வருஷத்துக்கொரு முறை தொட்டியைக் கவிழ்த்து, பழைய வேரைப் பிரித்து, புது மண்ணில் வையுங்கள்.

ஒரு தொட்டிக்கு ஒரு ஜாதிதான். இரண்டு ஜாதியைச் சேர்த்து வைத்தால் வலுத்தது இளைத்ததை விழுங்கிவிடும். பிறகு எது துவையல், எது தைலம் என்று தெரியாது.

கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்துச் சகோதரிகளுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. முதலாவது, தண்ணீர். மீஞ்சூர்ப் பக்கத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததனால் கடல் உப்பு உள்ளே புகுந்துவிட்ட கதை உங்களுக்குத் தெரியும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் புதினா இலையின் ஓரம் கருகும். தொட்டி விளிம்பில் வெள்ளை பூக்கும். தண்ணீர் சுத்தப்படுத்தும் இயந்திரம் வெளியே தள்ளுகிற கழிவு நீரில் உப்பு இன்னும் அதிகம். வீணாகிறதே என்று அதைச் செடிக்கு ஊற்றாதீர்கள். அரிசி களைந்த தண்ணீர் ஊற்றுங்கள்.

இரண்டாவது, தொட்டி. தொழிற்பேட்டை ஊர்களில் பழைய பீப்பாய், பெயிண்ட் டப்பா, பாட்டரிப் பெட்டி எல்லாம் மலிவாகக் கிடைக்கும். புதினா எதில் வைத்தாலும் வளரும், கஷ்டமே அதுதான்! செடி செழித்திருப்பதனால் இலை சுத்தமென்று அர்த்தமில்லை. பாட்டரியிலும் பழைய பெயிண்டிலும் ஈயம் இருக்கலாம். ரசாயனப் பீப்பாயில் என்ன இருந்ததென்று விற்பவனுக்கே தெரியாது. நாம் பச்சையாக அரைத்துச் சாப்பிடும் இலை இது. ஆகவே மண் தொட்டியோ, சமையலுக்கு உபயோகித்த பழைய பாத்திரமோ போதும். தொழிற்சாலை மதிலோரத்து மண்ணும் நெடுஞ்சாலை ஓரத்து மண்ணும் வேண்டாம். புழுதி இலையில்தான் முதலில் படியும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டு அடுப்பங்கரைக்குக் கொண்டு போங்கள்.

அடுப்பங்கரையில்

துவையலுக்கும் சட்னிக்கும் மோருக்கும் ஸ்பியர்மிண்ட். வாணலியில் இலை வதங்கினால் போதும், வறுபடக் கூடாது. மணமெல்லாம் ஆவியாகப் போகிற எண்ணெயில்தான் இருக்கிறது. பிரியாணிக்கும் பாதியை முதலில் போட்டு, பாதியை இறக்கும்போது போடுங்கள். பெப்பர்மிண்டை எலுமிச்சம்பழச் சாற்றிலும் கொதி அடங்கிய தேநீரிலும் போடலாம். இரண்டு இலை தாராளம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. இரைப்பையின் மேல்வாய்த் தசையைத் தளர்த்தி, எரிச்சலை அதிகப்படுத்திவிடும்.

மென்தாவை என்ன செய்வது? "முகர்வதற்கு" என்றாள் பாராபங்கிப் பெண். ரயிலில் இரண்டு நாள் ஈரத்துணியில் சுற்றி அவள் கொண்டு வந்தது அந்த வேர் ஒன்றுதான். சாயங்காலம் மாடிக்குப் போய் ஓர் இலையைக் கசக்கினால் அப்பாவின் வயல் கண்ணுக்குத் தெரியுமாம். அதைக் கேட்ட பிறகு அக்கா அந்த வாளிப் பக்கம் போகவில்லை. அதற்குப் பதிலாக நம் துவையல் புதினாவில் ஒரு பிடி கொடுத்தாள். அவளும் மறுநாள் மாங்காயும் பச்சைமிளகாயும் பூண்டும் சேர்த்து, ஒரு கிண்ணம் சட்னி அரைத்துக் கொண்டுவந்தாள். அத்தான் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்!

டிசம்பர் மழை

அந்த வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் பட்ட பாடு உங்களுக்கு மறந்திருக்காது. அப்போது பாராபங்கிப் பெண் ஊருக்குப் போயிருந்தாள். அக்கா வீட்டில் கீழே புகுந்த தண்ணீரை இறைப்பதற்கே நேரம் போதவில்லை. மாடியை யார் நினைத்தார்கள்? மழை விட்டு ஏறிப் பார்த்தபோது வாளியின் துவாரம் அடைத்து, விளிம்பு வரைக்கும் தண்ணீர் நின்றது. மென்தா கறுத்துக் கூழாகியிருந்தது.

அவள் திரும்பி வந்து பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லையாம். வாளியைக் கவிழ்த்து, மண்ணை விரலால் துழாவிப் பார்த்தாளாம். "செடிதானே, வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தேனடி. சொல்ல வரவில்லை" என்றாள் அக்கா டெலிபோனில்.

அப்போதுதான் அக்காவுக்குத் தன் கறிவேப்பிலைத் தொட்டி ஞாபகம் வந்தது. வெயில் காலத்தில் வாளிக்கு அருகில் இருந்த தொட்டி அது. அதில் அடிக்கடி ஒரு காட்டமான பச்சிலை தலை நீட்டும். "இந்தப் பல்பொடிச் செடி இங்கேயும் வந்துவிட்டது!" என்று திட்டிக்கொண்டே அக்கா பிடுங்குவாள். வாளியின் விளிம்பைத் தாண்டி ஒரு கொடி வந்து இறங்கியிருந்தது. எத்தனை பிடுங்கினாலும் அடியில் ஒரு துண்டு வேர் தங்கிவிடும். செங்கல் மேல் இருந்த தொட்டி, தண்ணீர் வடிந்துவிட்டது. மண்ணைக் கிளறினாள். சுண்டுவிரல் நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று ஒரு வேர். அதன் கணுவில் இரண்டு துளிர்!

அதைக் கையில் வாங்கியபோதுதான் அந்தப் பெண் அழுதாளாம்.

சென்ற மாதம் மறுபடி கும்மிடிப்பூண்டி போயிருந்தேன். மென்தா இப்போது மூன்று தொட்டிகளில் இருக்கிறது. ஒன்று அவளுடையது, ஒன்று அக்காவுடையது, ஒன்று மூன்றாவது குடித்தனத்தில். துவையல் புதினாவும் அப்படியே. எல்லாம் மண் தொட்டிகள், எல்லாம் செங்கல் மேல்! ஒரு தொட்டிக்கு ஒரு ஜாதி என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா? அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் புதினாவில் ஒரு பிடி பக்கத்து வீட்டில் இருக்கட்டும். விதையை நம்பாமல் கைமாறி வாழ்கிற செடி இது. கொடுத்து வைத்தவர்களுக்குத்தான் திரும்பக் கிடைக்கும்.

எனக்கும் இரண்டு ஈரத்துணிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள் அக்கா. ரயிலில் வரும்போது எதில் எது என்று மறந்து போயிற்று. கவலைப்படவில்லை. கசக்கி முகர்ந்து பார்த்தேன்.

அத்தான் மாத்திரம் இன்றைக்கும் துவையலை முகர்ந்து பார்க்காமல் சாப்பிடுவதில்லையாம்!